போட்டால் 28, எடுத்தால் 30

"தோத்ததுக்கு எதுக்குண்ணே வரி?"

2023 ஜூலை கடைசி வாரம். வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிற என் போன்றவர்களுக்கு அந்த வாரத்தில் சாப்பாட்டு நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. திருச்சி தில்லைநகரில் ஒரு மாடி அறைதான் என் அலுவலகம். படியேறி வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு தனியார் கம்பெனியில் வேலை, வருடச் சம்பளம் 6,40,000 ரூபாய். அதற்கான வரியைக் கம்பெனியே பிடித்துக் கட்டிவிட்டது. "சும்மா ஒரு ரிட்டர்ன் போட்டு வைங்கண்ணே, லோனுக்கு ஆகும்" என்றுதான் வந்தான்.

யார் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் அவனுடைய 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், பரிசுப் பணத்துக்கான பிரிவு 194பி-யின் கீழ் ஐந்து பதிவுகள். ஒவ்வொன்றிலும் பரிசு 14,000, பிடித்தம் 4,200. லாட்டரியா என்று கேட்டேன். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. கேரளா போய் வாங்கினானோ என்று ஒரு சந்தேகம். பையன் தலையைக் குனிந்துகொண்டு, "போக்கர்ணே. ஆன்லைன் டோர்னமென்ட்" என்றான்.

கணக்கைச் சொல்கிறேன். அந்த வருடம் டோர்னமென்ட் நுழைவுக் கட்டணமாக அவன் கட்டியது 96,000. ஐந்து முறை ஜெயித்து வந்தது 70,000. அதில் முன்கூட்டியே பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், 21,000 போக, கையில் கிடைத்தது 49,000. மொத்தத்தில் 47,000 நஷ்டம். அன்றைய சட்டத்துக்கு அந்த 96,000 கண்ணில் படாது. பரிசு 10,000-ஐத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்தம், அவ்வளவுதான். கட்டிய பணத்தைச் செலவாகக் கழிக்க முடியாது. இரண்டரை லட்சம் வரை வரியில்லை என்கிற சலுகையும் இந்த வகை வருமானத்துக்குப் பொருந்தாது. இன்னொரு கூத்தும் உண்டு. டிடிஎஸ் பிடிக்கும்போது 30 சதவீதம்தான் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் சேரும். ஆக, 47,000 தோற்றவன் இன்னும் 840 ரூபாய் கட்ட வேண்டும்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டான். என்னிடம் நல்ல பதில் இல்லை. "சட்டம் அப்படித்தான் தம்பி இருக்கு" என்றேன். 840-ஐ ஜிபேயில் எனக்கு அனுப்பினான், நான் சலான் போட்டேன்.

நானும் போக்கர் ஆடுகிறவன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

2020 ஊரடங்கில் பழகியது. நாங்கள் வளர்ந்த வீட்டில் சீட்டுக்கட்டு என்றால் ரம்மி. கல்யாண மண்டபத்தில் ராத்திரி மாமாக்கள் ஜமுக்காளம் விரித்து ஆடுவதைப் பார்த்துப் பழகிய கை. போக்கர் வேறு ரகம். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, நான்கு சுற்றுப் பந்தயம். நல்ல சீட்டு வந்தவன் ஜெயிப்பான் என்பது ஒருநாள் கணக்கு. ஆயிரம் ஆட்டம் ஆடினால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சீட்டு வரும். எப்போது கீழே வைப்பது என்று தெரிந்தவனிடம் பணம் போய்ச் சேரும். எனக்கு அது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பணத்தை மாற்றிக்கொள்கிறார்கள். தளத்துக்காரர் ஒவ்வொரு பந்தயத் தொகையிலிருந்தும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்வார். ரேக் என்று சொல்வோம். அதனால் போக்கரில் ஜெயிப்பதென்றால் எதிரில் இருப்பவனை மட்டும் ஜெயித்தால் போதாது, ரேக்கையும் தாண்ட வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களுக்கே அந்த மிச்சம் மெல்லியது. இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வரி அந்த மெல்லிய மிச்சத்தில்தான் வந்து உட்கார்ந்தது.

அதற்கு முன், இது திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய வழக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ரம்மி பிரதானமாகத் திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1967-இல், செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில். மூன்று சீட்டு சுத்த அதிர்ஷ்டம் என்றும் அதே தீர்ப்பில் வருகிறது. 1996-இல் கிண்டி குதிரைப் பந்தயமும் திறமைப் பட்டியலில் சேர்ந்தது. போக்கருக்கு மட்டும் அப்படி ஒரே முடிவு கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்தின் 1957 சட்டம் ரம்மி, பிரிட்ஜோடு போக்கரையும் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நாகாலாந்து அதைத் திறமை விளையாட்டாகப் பட்டியலிட்டு உரிமமே கொடுத்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-இல் அது அதிர்ஷ்ட ஆட்டம் என்றது. ரயிலில் ஆடிக்கொண்டே போனால் எல்லை தாண்டும்போது திறமைசாலி சூதாடியாகிவிடுவான்.

நம் ஊரில் நடந்தது இன்னும் விசேஷம். 2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தளங்கள் தமிழ்நாட்டு ஆட்களை உள்ளே விடவில்லை. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, கதவு திறந்தது. தற்கொலைச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. தி.மு.க. அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2022 அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், அதே மாதம் சட்டப்பேரவையில் மசோதா. ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார், பேரவை மீண்டும் நிறைவேற்றியது, ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் பெயர் சொல்லியே இருந்தன. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் இந்த இரண்டையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சேர்த்தது செல்லாது, வேண்டுமானால் நேரம், வயது பற்றி ஒழுங்குமுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றது. கதவு மறுபடி திறந்தது.

வருமான வரித் துறைக்கு இந்த வம்பே கிடையாது. லாட்டரி, குதிரை, சீட்டு எல்லாம் அதற்கு எப்போதும் ஒரே வரிசை.

சரி, 2023-க்கு வருகிறேன். அந்த வருடம் இரண்டு மாற்றங்கள் வந்தன.

முதலாவது நல்ல மாற்றம், மனசாரச் சொல்கிறேன். ஏப்ரல் 1 முதல் ஆன்லைன் விளையாட்டுக்கென்று தனியாக 115பிபிஜே, 194பிஏ என்று இரண்டு பிரிவுகள் வந்தன. ஒவ்வொரு பரிசையும் தனித்தனியாகப் பிடிக்காமல், ஒரு தளத்திலிருந்து வருடத்தில் நீங்கள் எடுத்த மொத்தத்தோடு வருடக் கடைசி இருப்பைச் சேர்த்து, அதிலிருந்து போட்ட மொத்தத்தையும் வருடத் தொடக்க இருப்பையும் கழித்து, மிச்சம் இருந்தால் அதற்கு 30 சதவீதம். 10,000 என்ற வரம்பு போய்விட்டது. முதல் ரூபாயிலிருந்தே கணக்கு. ஆனாலும் அந்தப் பையன் ஒரே தளத்தில் ஆடியவன். ஒரு வருடம் கழித்து அதே ஆட்டத்தை ஆடி அதே போல் தோற்றிருந்தால் அவனுக்கு ஒரு பைசா வரி வந்திருக்காது. குறைகள் உண்டு. ஒரு தளத்தில் தோற்றதை இன்னொரு தளத்தின் டிடிஎஸ்ஸில் கழிக்க மாட்டார்கள். இந்த வருட நஷ்டத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போகவும் முடியாது; மார்ச்சில் தோற்று ஏப்ரலில் ஜெயித்தவன் பாடு திண்டாட்டம். இருந்தாலும், தோற்றவனுக்கு வரி என்கிற அபத்தம் பெரும்பாலும் நீங்கியது.

இரண்டாவது ஜிஎஸ்டி. 2023 ஜூலை 11 அன்று கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் ஆன்லைன் பண விளையாட்டுக்கு முழு மதிப்பின் மேல் 28 சதவீதம் என்று முடிவெடுத்தது. ஒவ்வொரு பந்தயத்துக்குமா என்று கூச்சல் எழுந்தது. ஆகஸ்டில் மறுபடி கூடி, இல்லை, உள்ளே போடும் டெபாசிட்டுக்கு மட்டும் என்றார்கள். அக்டோபர் 1 முதல் அமல்.

அதற்கு முன் கம்பெனிகள் தங்கள் ரேக்குக்கு மட்டும் 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தன. 100 ரூபாய் பந்தயத்தில் 5 ரூபாய் ரேக் என்றால் அதற்கு வரி 90 காசு. அக்டோபருக்குப் பிறகு 1,000 ரூபாய் போட்டால் அதற்குள்ளேயே 218 ரூபாய் 75 காசு வரி. மேசைக்கு வந்தது 781 ரூபாய் 25 காசுதான். பல தளங்கள் அந்த வித்தியாசத்தைப் போனஸ் என்று திருப்பிக் கொடுத்துத் தாங்கிப் பார்த்தன. பெரிய கை தாங்கும், சின்னது எத்தனை நாள் தாங்கும்? சில கம்பெனிகள் கடையைக் கட்டின. எம்பிஎல் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கம்பெனி 350 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

பிரிட்டனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே ஆடுகிறவனின் வெற்றிக்கு வரி கிடையாது. கம்பெனி, ஜெயித்தவர்களுக்குக் கொடுத்தது போகத் தனக்கு மிஞ்சியதில் 21 சதவீதம் கட்டி வந்தது. 2026 ஏப்ரலிலிருந்து 40 என்று உயர்த்தி அறிவித்தார்கள். ஒருவன் 1,000 போட்டு 900 எடுத்துப் போகிறான், கம்பெனிக்கு மிச்சம் 100 என்று வையுங்கள். 21 சதவீதக் கணக்கில் வரி 21 ரூபாய், 40 என்றாலும் 40 ரூபாய். நம் கணக்கில் கம்பெனி சம்பாதித்ததே 100, வரி 218.75. வரித்தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை வரி என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தடை செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தால் அன்றே செய்திருக்கலாம்.

வருமானம் என்னவோ கொட்டியது. அமலுக்கு வருவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் 1,349 கோடி, அடுத்த ஆறு மாதத்தில் 6,909 கோடி. 412 சதவீத உயர்வு என்று 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் சொன்னார். இது போக, பழைய வருடங்களுக்கும் இதே கணக்கில் கட்டு என்று நோட்டீஸ்கள். கேம்ஸ்கிராஃப்ட் என்ற பெங்களூரு ரம்மி கம்பெனிக்கு மட்டும் 21,000 கோடி. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது.

எனக்கு உறுத்தியது தொகை இல்லை, வரி நின்ற இடம். அன்றைய ஜிஎஸ்டி விதி என்ன சொன்னதென்றால், ஜெயித்த பணத்தை வெளியே எடுக்காமல் அப்படியே வைத்து ஆடினால் அதற்கு மறுபடி வரி இல்லை. எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் மறுபடி 28. வருமான வரிக்காரரோ பணத்தை வெளியே எடுக்கும்போது, போட்டதற்கு மேல் வந்த லாபத்தில் 30 பிடித்தார். உள்ளேயே கிடந்தால் மார்ச் 31 வரை தொந்தரவு இல்லை. உள்ளே நுழையும் வாசலில் ஒருவர், வெளியே போகும் வாசலில் ஒருவர். நடுவில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருந்தவனை மட்டும் யாரும் தொடவில்லை.

சீட்டாடுகிற எல்லோருக்கும் ஒரு சத்தியம் தெரியும். ஜெயித்தால் எழுந்துவிட வேண்டும். பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். அந்த ஒரு நல்ல பழக்கத்துக்குத்தான் இந்த இரண்டு வரியும் சேர்ந்து அபராதம் போட்டன. நானே அப்படி மாறினேன். முன்பெல்லாம் 3,000 ஜெயித்தால் அன்றே வங்கிக்கு அனுப்பிவிடுவேன். 2023 அக்டோபருக்குப் பிறகு, "எடுத்தா 30, திரும்பப் போட்டா 28, எதுக்கு, கிடக்கட்டும்" என்று விட்டுவைக்கத் தொடங்கினேன். கிடந்தது தங்குமா? இரண்டே நாளில் கரையும். கரைந்ததும் புதிதாக டெபாசிட், அதற்கு 28. ஆயிரம் போட்டுப் பொறுமையாக ஆறு மாதம் ஆடுகிறவன் ஒருமுறை வரி கட்டுகிறான். வெறியில் திரும்பத் திரும்பப் போடுகிறவன் ஒவ்வொரு முறையும் கட்டுகிறான். அந்த 6,909 கோடியில் பெரும்பங்கு யாருடையதாக இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

2024 கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் கணக்கையெல்லாம் பார்க்கிற நான் என் கணக்கைப் பார்ப்போமே என்று என் டெபாசிட் விவரங்களை எக்செலில் இறக்கினேன். தேதியோடு நேரமும் இருந்தது. 61 டெபாசிட்டுகளில் 44 ராத்திரி பன்னிரண்டுக்குப் பிறகு. மாலையில் ஆடியபோது நான் மோசமான ஆட்டக்காரன் இல்லை, சின்ன லாபம்கூட உண்டு. நடுராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவன் என்னுடைய விரலை வைத்து ஆடியிருக்கிறான். மொத்த நஷ்டம் 38,000. வீட்டில் சொன்னது 5,000.

அதனால்தான் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளைப் படித்தபோது, முதல்முறையாக ஆடுகிறவனைத் தெரிந்த ஒருவர் எழுதியது போல் இருந்தது. பண விளையாட்டுகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை மூடப்பட வேண்டும். ஆதார் சரிபார்ப்பு இல்லாமல் கணக்கு கூடாது. 18 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை திரையில் எச்சரிக்கை வர வேண்டும். ஆடுகிறவனே தனக்கு நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு போட்டுக்கொள்ள வழி வேண்டும். கம்பெனிகள் வழக்குப் போட்டன. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

அந்த விதி வந்ததும் ராத்திரி 12 மணிக்கு மேசை மூடியது. முதல் வாரம் கை அரித்தது. அப்புறம் தூங்கப் பழகினேன். ஜூலை வரைக்கும் நான் போட்ட புதிய டெபாசிட் மூன்றே மூன்று. 28 சதவீதம் ஒன்றரை வருடத்தில் செய்யாததை, ஒரு கடிகாரம் ஐந்து மாதத்தில் செய்தது. என் ஒருவன் கணக்கை வைத்து ஊருக்கெல்லாம் சொல்ல முடியாதுதான்.

சோதித்துப் பார்க்க அதற்கு மேல் அவகாசமும் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் மசோதா, அன்றே நிறைவேற்றம். மறுநாள் மாநிலங்களவை. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது. நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. அவன் பாதிக்கப்பட்டவன் என்கிறது அரசு. 1967-லிருந்து நடந்த வாதத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். டிரீம்11 பண ஆட்டத்தை நிறுத்தி, இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தும் இறங்கியது. போக்கர் தளங்களும் மேசைகளைச் சுருட்டின. என் கணக்கில் கிடந்த 412 ரூபாய் வங்கிக்கு வந்தது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 22-ஆம் தேதி முதல் ஆன்லைன் பண விளையாட்டுக்கு வரி 28 இல்லை, 40 என்றது. அதே ஆன்லைன் பண விளையாட்டுக்குத்தான். ஆகஸ்டில் தடை, செப்டம்பரில் வரி உயர்வு.

சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். தொழில் புத்தி விடவில்லை, ஜிஎஸ்டி சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2023 திருத்தத்தில் ஆன்லைன் பண விளையாட்டுக்குக் கொடுத்த வரையறையிலேயே, முடிவு திறமையால் வந்தாலும் அதிர்ஷ்டத்தால் வந்தாலும், வேறு எந்தச் சட்டத்தின்படி அது அனுமதிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி உண்டு என்று இருக்கிறது. நாங்கள் தடை செய்ததற்கு நீங்கள் வரி போட்டால் எங்கள் தடை என்ன ஆகும் என்று 2023 கவுன்சில் கூட்டத்தில் தமிழ்நாடு கவலைப்பட்டது. ஒன்றையொன்று பாதிக்காது என்று சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆக இது குழப்பமே இல்லை. ஒரு மேசையில் குற்றம், அடுத்த மேசையில் வரிக்குரிய வழங்கல். கோவாவின் பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் ஏறினால் அதே போக்கரைச் சட்டப்படியே ஆடலாம். அது ஆன்லைன் இல்லையே.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தப் பையன் மறுபடி படியேறி வந்தான். சம்பளம் கூடியிருந்தது, முகம் வாடியிருந்தது. வீட்டுக் கடன் பற்றி ஏதோ கேட்டுவிட்டு, போகும்போது கதவருகே நின்றான்.

"அண்ணே, டெலிகிராம்ல ஒரு குரூப் இருக்கு. வெளிநாட்டு சைட்டு. ஜிஎஸ்டி இல்ல, டிடிஎஸ் இல்ல, நைட்டு ஃபுல்லா ஓடும். ஆதார்கூட கேக்கல."

"பணம் எப்படிப் போடுவே?"

"கிரிப்டோவுலதான். யாரோ ஒரு ஆளு மாத்திக் கொடுக்கறாரு."

அந்த ஆள் ஒருநாள் போனை எடுக்காமல் போனால் எங்கே போய் நிற்பாய் என்று கேட்டேன். பதில் இல்லை. என் எக்செல் கதையைச் சொன்னேன், அந்த 44-ஐயும் 38,000-ஐயும் சேர்த்து. நானும் ஆடியவன் என்று அவனிடம் சொன்னது அன்றுதான். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

"அப்ப ஜெயிச்சு, அந்தக் கிரிப்டோ வெலை ஏறி வித்தா, அதுக்கு எவ்வளவுண்ணே வரி?"

"அதுக்கும் 30தான்" என்றேன்.